பின்பக்கத்தில் பத்து வரிகள்

யுத்த காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின்மேல் எவனும் குண்டு போடவில்லை. எங்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் காகிதக் கஷ்டம்தான். நான் குமாஸ்தாவாக இருந்த கச்சேரியில் வெள்ளைத்தாளைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. எந்தக் கச்சேரி என்று சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் ஆரோக்கியமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் அதிகாரி அப்போது ஓர் உத்தரவு போட்டார். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் மறுபக்கத்தில்தான் இனி எல்லாம் எழுத வேண்டும்; இரண்டு பக்கமும் நிரம்பாத காகிதம் எதுவும் தம் மேஜைக்கு வரக் கூடாது. உத்தரவு போட்டதோடு நிற்கவில்லை. கொண்டுவந்து வைக்கிற ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் படித்துவிட்டு, இலையை மூடுகிறவர் மாதிரி நிதானமாகப் புரட்டுவார். பின்பக்கத்தில் பழைய எழுத்து இருந்தால் மேலிருந்து கீழாகக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. வெறுமையாக இருந்தால் அந்தக் குமாஸ்தாவுக்கு அன்று சனி. காகிதத்தின் முதுகைப் பார்க்கிற பழக்கம் கச்சேரியில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் பின்பக்கம் என்பது எவனோ எப்போதோ எழுதிய குப்பை. அதைத் திரும்பிப் பார்ப்பது நேரக்கேடு.

என் ஆயுளில் நடந்த பெரிய முட்டாள்தனம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மற்ற முட்டாள்தனங்களை இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அப்போது ஆக்டிங் குமாஸ்தா. என் நாற்காலிக்குச் சொந்தக்காரர் சண்டைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தால் நான் எழுந்துகொள்ள வேண்டும். எழுந்து போவதற்கு ஓரிடம் தயாராகவே இருந்தது. பெரிய மாமா ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அங்கிட்டு எப்ப முடியும் மாப்ளே? சாக்குத் தைக்க ஆள் இல்லாமத் தவிக்கிறேன்" என்று என் விரல்களை ஆசையோடு பார்ப்பார். அந்த வருஷம் கச்சேரியில் ஒரே ஓர் இடம் நிரந்தரமாகக் காலியாயிற்று. அதற்கு ஆக்டிங்கில் இருந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவன் என் சிநேகிதன்.

சிநேகிதன் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர்கள் வீட்டில் அட்டை கழன்ற ஆங்கிலச் சொற்றொடர்ப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பதினாறு பக்கங்களைக் கறையான் படித்து முடித்திருந்தது. மிச்சத்தை நாங்கள் இருவரும் படித்தோம். இருவருக்கும் ஒரே இடத்தின்மேல் கண் என்றாலும், புத்தகம் ஒன்றுதான் இருந்தபடியால் சேர்ந்தே படிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் முறை இது. தினமும் புத்தகத்திலிருந்து பத்துச் சொற்றொடர் எடுத்துக்கொள்வது. தெரிந்த ஆள் ஒருவரை மனசில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்தையும் அவர்மேல் பொருத்தி எழுதுவது. ஒரு வரி நான், ஒரு வரி அவன். ஆள் கண்முன்னால் இருந்தால்தான் வார்த்தை மனசில் தங்கும் என்பது அவன் கட்சி. அதில் உண்மை இருந்தது. வேலிமேல் உட்கார்ந்திருக்கிறான் என்று வெள்ளைக்காரன் ஒருவனைச் சொன்னால், இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் இருக்கிறான் என்று அர்த்தமாம். எங்கள் சீமையில் வேலி என்றால் கருவேல முள். அதன்மேல் உட்கார முயன்றவன் ஏதாவதொரு பக்கம் சீக்கிரமே சேர்ந்துவிடுவான். ஆகையால் அந்தச் சொற்றொடர் எனக்கு மூன்று நாள் ஏறவே இல்லை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்கிற எங்கள் ஹெட் கிளார்க்கை மனசில் வைத்ததும் உடனே ஏறிவிட்டது.

இப்படி ஹெட் கிளார்க்கை எழுதினோம், தபால்காரரை எழுதினோம், என் மாமாவை எழுதினோம். பங்குனி மாதத்தில் ஒரு சாயங்காலம் குளக்கரைப் படியில் உட்கார்ந்து அதிகாரியை எழுதினோம்.

முதல் வரி என்னுடையது: தன் எக்காளத்தைத் தானே ஊதுகிறவர். இரண்டாவது அவனுடையது: வெட் பிளாங்கெட், அதாவது நனைந்த கம்பளி. கூட இருப்பவர்களின் உற்சாகத்தை அவித்துவிடுகிறவரை அப்படிச் சொல்வது வெள்ளைக்காரர் வழக்கம். பங்குனி வெயிலில் நனைந்த கம்பளி கிடைத்தால் புதுக்கோட்டையில் அதற்குக் கோவில் கட்டுவார்கள் என்றேன். அவன் கேட்கவில்லை. புத்தகத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்றான். எலி வளை மண்ணை மலையாக்குகிறவர், தொப்பிக்குள் தேனீயை வைத்துக்கொண்டு ஒரே எண்ணத்தில் சுற்றுகிறவர், கடியைவிடக் குரைப்பு ஜாஸ்தியானவர் என்று ஒன்பது வரை வந்தோம். பத்தாவது அவன் முறை.

"ஒன்பது வரி வைஞ்சாச்சு மாப்ளே. ஒண்ணாவது நல்லதாப் போடுவோம். பாவம்ல?" என்றான்.

"பாவம் பாத்தா இங்கிலீஷ் வருமா?"

"வரலைன்னாப் போவுது. ஞாயித்துக்கெழமை பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட நான்தானே சொல்லணும், நீயா சொல்லப்போறே?"

பத்தாவது வரியில் அவன் எழுதினான்: எந்தக் கல்லையும் புரட்டாமல் விடாதவர், எந்தக் காகிதத்தையும். கல் வரைக்கும் புத்தகத்தில் இருந்தது. முயற்சியில் குறை வைக்காதவர் என்று அர்த்தம். காகிதம் அவன் சொந்தச் சரக்கு. படித்துவிட்டு இருவரும் படிக்கட்டில் உருளாத குறையாகச் சிரித்தோம். பேர் எழுதாமலே ஆள் யாரென்று ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது அந்த ஒரு வரிதான். அன்றைக்கு அதுவே எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்தில், தாலுகாவில் ஏரி மராமத்து எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நிரந்தர இடத்துக்கு யாரைச் சிபாரிசு செய்வது என்று முடிவு. "புஸ்தகத்தைப் பாத்து எழுதாதீங்கய்யா. ஏரியைப் பாத்து எழுதுங்க" என்றார்.

நான் ஏரியையும் பார்க்கவில்லை, காகிதத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் பழைய தாள் ஒரு கட்டு இருந்தது. பயிற்சிக்கு அதில் மிஞ்சிய பழுப்பேறிய வெறுந்தாளை எடுத்து ஒரு பக்கம் எழுதுவோம்; கச்சேரி எழுத்துக்கு அதிலேயே ஒரு பக்கம் எழுதிய தாள். விடியற்காலம் எழுந்து, மேலாக இருந்த தாளை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வைத்துக்கொண்டு, ஏரி மராமத்தை மூன்று பாராவில் முடித்தேன். ஒவ்வொரு பாராவும் 'மேற்படி' என்று ஆரம்பித்து 'பணிவுடன்' என்று முடிந்தது. காலையில் ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தேன். சிநேகிதனும் கொடுத்தான். அதிகாரி அன்று திருவரங்குளத்தில் முகாம். விடிகிறபோதே ஜட்கா வண்டியில் போய்விட்டார். எங்கள் தாள்கள் இரண்டையும் மற்றக் கட்டுகளோடு தகரப் பெட்டிக்குள் வைத்து அழுத்தி மூடிக்கொண்டு, ஹெட் கிளார்க் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். மூடினால் தானே பூட்டிக்கொள்கிற பெட்டி அது. சாவி ஒன்றுதான். அது அதிகாரியின் பூணூலில் தொங்கியது.

பெட்டி போய் அரை மணிக்குப் பிறகு சிநேகிதன் என் மேஜைக்கு வந்தான்.

"அந்தப் பத்தையும் எங்கடா வச்சே? எங்கண்ணனுக்குப் படிச்சுக் காட்டணும்."

"கட்டுல இருக்கும். கையோட கொண்டாந்திருக்கேன், எம் பையில பாரு."

அவன் பையிலிருந்து கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஹெட் கிளார்க் இருந்தார். தபால்காரர் இருந்தார். என் மாமா இரண்டு பிரதி இருந்தார். அதிகாரி இல்லை.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஏரியை எதுல எழுதினே?"

மேலாக இருந்த தாள்! முந்தாநாள் சாயங்காலம் கடைசியாக வைத்ததுதானே மேலாக இருக்கும்!

"மாதாவே!" என்றான் அவன். கத்தக்கூட இல்லை. மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

இனி நடப்பது இருவருக்கும் மனப்பாடம். அவர் முன்பக்கம் படிப்பார். புரட்டுவார். உலகத்தில் வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் புரட்டாமல் போக ஒரு வாய்ப்பு உண்டு. எங்கள் அதிகாரியிடம் அது இல்லை. ஐந்து வரி என் கையெழுத்து, ஐந்து வரி அவன் கையெழுத்து. மேலதிகாரியை எழுத்தில் அவமதித்தால் வேலை அன்றைக்கே போகும். சமஸ்தானத்தில் வேறு கச்சேரியிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்காவது கடலை மண்டி இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை.

"எஞ்சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போ. கரி பஸ்ஸுதானே? வழியில பிடிச்சுப்புடலாம்" என்றான்.

"நீ?"

"ரெண்டு நாற்காலியும் காலியா இருந்தா இங்கிட்டு ஆரு பதில் சொல்றது? போடா!"

அவன் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. போகிற அவசரத்தில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. கோட்டு போட்டிருந்தேன். தலைப்பாகையைக் கச்சேரி ஆணியிலேயே விட்டுவிட்டேன் என்பது ஊர் எல்லை தாண்டி, உச்சி வெயில் மண்டையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. செம்மண் புழுதி வேர்வையில் ஒட்டி, நான் என் ஜாடையே மாறிப் போய்விட்டேன். மிதிக்க மிதிக்க அந்தப் பத்து வரிகளும் வரிசையாக மனசில் ஓடின. இத்தனை நாள் நெட்டுருப் போட்டபோது ஒழுங்காக வராத சொற்றொடர்கள் அன்று ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தன. மொழி படிக்கிறவர்களுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பலன் உண்டு.

பாதி வழிக்கு மேல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய காலம் அது. மேடு கண்ட இடத்தில் பஸ் நின்றுவிடும். கண்டக்டர் பின்னால் இருந்த அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜனங்கள் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றார்கள். ஹெட் கிளார்க் மட்டும் இறங்காமல், மடியில் தகரப் பெட்டியோடு உள்ளே உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"என்னய்யா இது, செங்கல் சூளையிலேர்ந்தா வாரே?"

"ஐயா, நான் குடுத்த தாள்ல ஒரு பிழை விழுந்துபோச்சுங்க. ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா..."

"என்ன பிழை?"

"சின்னதுதாங்க."

"சின்னப் பிழைக்கா வெயில்ல இம்புட்டுத் தூரம் மிதிச்சே?" அவர் கண் சுருங்கியது. "பெட்டி பூட்டியிருக்கு. சாவி அவர்ட்ட இருக்கு. அவரு தெறக்கறப்பக் கேட்டுக்க."

"ஐயா பாத்து எதுனாச்சும் செய்ய முடியாதுங்களா?"

"பார்க்கலாம்" என்றார் ஹெட் கிளார்க்.

அதற்குள் கண்டக்டர், "தள்ளுங்க சாமி, எல்லாரும் கை வைங்க" என்று கூவினார். ஹெட் கிளார்க் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிறே? கையை வையி" என்றார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நானும் கை வைத்தேன். மேட்டின் உச்சி வரைக்கும் தள்ளினேன். என்னைத் தொலைக்கப் போகிற காகிதம் எந்த வண்டியில் போகிறதோ அதை என் தோளாலேயே தள்ளி அனுப்பினேன். உச்சியில் பஸ் பிடித்துக்கொண்டது. கரும்புகையை என் முகத்தில் விட்டுவிட்டு இறக்கத்தில் பறந்தது. சைக்கிளை எடுக்க நான் மேட்டடிக்குத் திரும்ப நடக்க வேண்டியிருந்தது.

திருவரங்குளத்தில் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி இருந்த சாவடியில் முகாம். பிரேக் இல்லாத சைக்கிளைச் சாவடித் தூண்தான் நிறுத்தியது. உள்ளே போனபோது பெட்டி திறந்திருந்தது. அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஹெட் கிளார்க் பக்கத்தில் நின்றார். மேஜைமேல் இரண்டே தாள்கள். சிநேகிதனுடையது படித்து முடித்து, பின்பக்கம் சிவப்புக் கோடு போட்டு, ஓரமாக இருந்தது. அவர் கையில் இருந்தது என்னுடையது. முன்பக்கம்.

"வாய்யா" என்றார், நிமிராமல். "பிழை திருத்தணும்னியாம். இரு. படிச்சுட்டுத் தாரேன்."

அவர் வேகமாகப் படிக்கிறவர் அல்லர். வரிக்கு வரி விரல் ஓடும். உதடு அசையும். முதல் பாரா. இரண்டாம் பாரா. நான் வாழ்நாளில் எழுதியதிலேயே அந்த மூன்று பாராவைத்தான் ஒரு மனிதர் இத்தனை கவனமாகப் படிக்கப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு பாரா எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். 'பணிவுடன்' வந்தது. விரல் நின்றது. தாளைப் புரட்டினார்.

சிவப்பு மசிப் பேனாவை எடுத்து, மேல் மூலையில் வைத்தார். இழுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பேனா அங்கேயே நின்றது. உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது.

சாவடிக்கு வெளியே ஒரு ஆடு கத்தியது நினைவிருக்கிறது. அது பத்து வரிக்கும் நடுவில் மூன்று தடவை கத்தியது.

"வெட் பிளாங்கெட்" என்று சத்தமாகப் படித்தார். "அப்படின்னா என்னய்யா?"

"நனைஞ்ச கம்பளிங்க."

"அது தெரியுது. ஒரு மனுசனை ஏன் அப்படிச் சொல்றது?"

"கூட இருக்கவுங்க உற்சாகத்தை அவிச்சுப்புடுவாருன்னு அர்த்தங்க."

"ஆரு?"

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பல வருஷங்களாக முயன்று வருகிறேன். சிநேகிதனைக் காப்பாற்ற நினைத்தேன் என்று சொல்லலாம். நினைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் உலகத்தில் என்னைத் தவிர யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"நானுங்க."

"நீயா?"

"ஆமாங்க. இங்கிலீஷ் பழகறதுக்காக என்னைப் பத்தி நானே எழுதிக்கிட்டதுங்க."

ஹெட் கிளார்க் இருமினார். அதிகாரி முகத்தில் எதுவும் தெரியவில்லை. விரலை மேலே, முதல் வரிக்கு நகர்த்தினார்.

"எக்காளம் ஊதறது?"

"தற்பெருமைங்க. எனக்குக் கொஞ்சம் உண்டுங்க."

"உண்டுங்க" என்றார் ஹெட் கிளார்க், கேட்காமலே.

"எலி வளை மண்ணு?"

"சின்ன விசயத்தைப் பெருசாக்கறதுங்க."

"சின்னப் பிழைக்கு அஞ்சு மைல் சைக்கிள்ல வாராப்புலயா?"

"ஆமாங்க."

"தொப்பிக்குள்ள தேனீ." என் தலையைப் பார்த்தார். வெறுந்தலை, செம்மண் அப்பிய தலை. "தொப்பியையே காணமே?"

"கச்சேரியில வச்சிட்டு வந்துட்டேங்க."

"தேனீயை?"

ஹெட் கிளார்க்குக்கு அன்று நல்ல பொழுது. நான் ஒவ்வொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள, அவர் பக்கத்திலிருந்து சாட்சி சொன்னார். குரைப்பு வந்தது. நான் எங்கே குரைக்கிறேன் என்று அதிகாரி கேட்டார். வீட்டில் என்றேன். கடிப்பது உண்டா என்றார். இல்லை என்றேன். இப்படி ஒன்பது வரிகளும் என் தலையில் வந்து உட்கார்ந்தன. உள்ளதைச் சொன்னால், எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டிக்கொள்ள அவற்றில் ஐந்தாறு எனக்கு அளவெடுத்துத் தைத்தாற்போலவே இருந்தன. அதைத் தெரிந்துகொள்ள அது சரியான சமயம் இல்லை.

விரல் பத்தாவது வரிக்கு வந்தது. அவர் சிநேகிதனுடைய தாளை இழுத்து, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஒன் கையெழுத்து இல்லையே?"

"இல்லீங்க. சிநேகிதன் எழுதினதுங்க. ஒரு வரி நான், ஒரு வரி அவன்."

"ஒன்னைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தாங்க."

பத்தாவது வரியை வாய்விட்டுப் படித்தார். கல்லை மெதுவாகப் படித்தார். காகிதத்தை அதைவிட மெதுவாகப் படித்தார். ஹெட் கிளார்க்கின் பொடி டப்பி பாதி வழியில் நின்றது. மூக்குக்கும் டப்பிக்கும் நடுவில் அந்தக் கை நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"இது நல்லதாச் சொல்றதுதானே?"

"ஆமாங்க. பத்துல இது ஒண்ணுதாங்க நல்லது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நீ காகிதத்தைப் புரட்டிப் பாக்கறவனாய்யா?"

"ஆமாங்க."

"புரட்டியிருந்தா இது எப்படி இங்கிட்டு வந்துச்சு?"

ஆடு மறுபடி கத்தியது. பதில் சொன்னது அது ஒன்றுதான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைச் சிவப்பு மசியில் தோய்த்தார். பத்தாவது வரியை மட்டும், கவனமாக, ஒரு நேர்க்கோடு போட்டு அடித்தார். "ஒன் சிநேகிதன் இந்த எடத்துல ஆள் மாறிப்போயிட்டான். இது ஒனக்குப் பொருந்தாது" என்றார். "மத்த ஒன்பதும் இருக்கட்டும். நீயே ஒத்துக்கிட்டது."

வழக்கமான குறுக்குக் கோட்டை அவர் போடவே இல்லை. அந்த ஒரு தாளுக்குத்தான் போடவில்லை. பிறகு கோப்பில் நாலு வரி எழுதினார். தலைகீழாகப் படிப்பதில் குமாஸ்தாக்களுக்குத் தேர்ச்சி உண்டு. நிரந்தர இடத்துக்குச் சிநேகிதன் பெயர். நான் இன்னும் ஒரு வருஷம் ஆக்டிங். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது. காரணம்: தன் குறைகளைத் தானே நன்கு அறிந்திருக்கிறார், திருத்திக்கொள்ள அவகாசம் தேவை.

நான் கும்பிட்டுவிட்டு வாசல் வரை வந்ததும் கூப்பிட்டார்.

"முன்பக்கம் நல்லாயில்லைய்யா. ஏரியில தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியலை. பின்பக்கம் நல்லா எழுதியிருக்கீங்க." ஹெட் கிளார்க்கைப் பார்த்து, "என்னங்க?" என்றார்.

"பார்க்கலாங்க" என்றார் ஹெட் கிளார்க்.

அந்த மனிதர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாரா, பத்தாவது வரியை மட்டும் புரிந்துகொண்டாரா என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பத்தில் ஒன்றே ஒன்று நல்லதாக எழுதியவன் யாரோ, அவனுக்கு இடம் போயிற்று. அதற்குமேல் நான் ஏதாவது சொன்னால் எலி வளை மண்ணை மலையாக்குவதாக ஆகும்.

கச்சேரிக்குத் திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சிநேகிதன் வாசலிலேயே நின்றிருந்தான். என் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். அதன் ஓரத்தை முறுக்கி முறுக்கி நாராக்கியிருந்தான்.

"வேலை இருக்கா?"

"ரெண்டு பேருக்கும் இருக்கு. ஒனக்குக் கூடவே இருக்கு." நடந்ததைச் சொன்னேன். ஒன்பதையும் என் தலையில் ஏற்றிக்கொண்டதைச் சொன்னதும் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகவாடா சொன்னே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி அசைத்தேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவன் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா ஆவூர்க் கோவிலில் என் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினார்களாம். எத்தனையோ வருஷம் ஆகியும் அவன் வீட்டில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். இதை அவன் படித்தால் உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த மாதம் முழுக்க நான் குளக்கரைப் பக்கம் போகவில்லை. அவனுக்கு இனிப் பயிற்சி தேவையும் இல்லை. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் அவனே அட்டை கழன்ற புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"வா மாப்ளே. இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல ஒனக்கு? பத்து எடுத்து வச்சிருக்கேன். ஆரைப் பத்தி எழுதறது?"

"என்னைப் பத்தியே எழுதுவோம். ஆரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன்.

கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன். புரட்டி அந்தப் பக்கம் பார்த்தேன். கடலை மண்டி மாமா இருந்தார். அவரைக் கீழே வரும்படி திருப்பி வைத்துக்கொண்டு, முதல் வரியை எழுத ஆரம்பித்தேன்.